ஆயுத பூஜைக்குச் சுத்தம் செய்த கம்ப்யூட்டர்

டிசைன் சென்டர்களில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்களுக்கு என்னைவிட வேகமாக மவுஸ் ஓடும். ஒரு மயிலின் கழுத்தை நான் வளைத்து முடிப்பதற்குள் நீங்கள் தோகையையே விரித்துவிடுவீர்கள். ஆகவே பட்டுப்புடவைக்குக் கம்ப்யூட்டரில் டிசைன் போடுவது எப்படி என்று இங்கே நான் சொல்லப்போவதில்லை. நான் பேச வந்தது, திரையின் அடியில் வரிசையாக இருக்கும் படங்களில் மஞ்சளாக ஒன்று இருக்கிறதே, அந்த ஃபோல்டர் படத்தைப் பற்றி. அமுக்கினால் ஒரு ஜன்னல் திறக்கும். இடப்பக்கம் ஒரு வரிசை தெரியும். வலப்பக்கம் உள்ளே இருப்பதெல்லாம் தெரியும். அதைத் திறக்காத நாளே உங்களுக்குக் கிடையாது. ஆனால் அதைப் பார்க்கிறீர்களா என்று கேட்டால், பெரும்பாலும் இல்லை. அதன் வழியாக வேறு எதையோதான் பார்க்கிறீர்கள்.

எனக்கு யாரும் வகுப்பு எடுக்கவில்லை. தாமல் கிராமத்திலிருந்து பஸ்ஸில் வந்து போய்க்கொண்டிருந்த எனக்கு அந்த ஜன்னல் புரிந்தது, பிள்ளையார்பாளையத்தில் வீடு தேடி அலைந்ததால்தான். அங்கே ஒரு நெசவாளர் வீட்டுக்கு வழி கேட்டால் எப்படிச் சொல்வார்கள்? முதலில் தெரு. பிறகு சந்து. பிறகு யார் வீடு. பிறகு கீழ்த் தறியா, மாடித் தறியா. அந்த ஜன்னலின் மேலே நீளமாக ஒரு வரி ஓடுகிறதே, அது சொல்வதும் இதைத்தான். இடப்பக்கம் தெருக்கள். வலப்பக்கம், இப்போது நீங்கள் நிற்கிற வீட்டின் உள்புறம். எந்த வீட்டுக்குள் நிற்கிறோம் என்று மேலே எழுதியிருப்பதைப் படிக்காமல் உள்ளே எதன் மேலும் கை வைக்கக் கூடாது. முப்பது பக்கப் புத்தகம் எழுதினாலும் இதற்கு மேல் அதில் ஒன்றும் இல்லை.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். நம் ஊரில் சாமி பெயர் இல்லாமல் எதையும் தொடங்க மாட்டார்கள். எங்கள் ஆபீஸில் ஃபோல்டர், ஃபைல் எல்லாவற்றின் பெயரும் 'ஸ்ரீ'யில்தான் ஆரம்பிக்கும். ஸ்ரீ அன்னம் பார்டர், ஸ்ரீ யானை புட்டா, ஸ்ரீ கரண்ட் பில். பெயரின் முதல் எழுத்தைத் தட்டினால் அந்த ஃபைலுக்குத் தாவும் என்பார்களே, எங்களிடம் அது நடக்காது. எதைத் தட்டினாலும் ஸ்ரீதான். எங்கள் டிசைனை வாங்கி, எந்த இழை தூக்க வேண்டும் என்று தறிக்குச் சொல்லும் ஜக்கார்டு அட்டையில் துளை போட்டுக் கொடுக்கும் பஞ்சிங் கடை முரளி, "உங்க கம்ப்யூட்டர்ல கோபுரம் ஒண்ணுதான்மா குறையுது" என்பார். சிரிப்பதற்கு நன்றாக இருந்தது. ஒரு விஜயதசமி காலையில் அது சிரிப்பாக இல்லை. அந்தக் கதையைத்தான் இப்போது சொல்லப்போகிறேன்.

சரோஜா என்று ஒரு நெசவாளி. பிள்ளையார்பாளையத்தில் வீட்டோடு ஒரு தறி. அவளும் அவள் வீட்டுக்காரர் குமாரும் அதுவரைக்கும் வேறொருவர் கொடுக்கும் பட்டை, வேறொருவர் சொல்லும் டிசைனில் நெய்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருஷம்தான் முதல் தடவையாக ஒரு கல்யாண வீட்டார் நேராக அவளிடம் வந்து முகூர்த்தப் புடவை கேட்டார்கள். டிசைனை அவளே எங்களிடம் வந்து உட்கார்ந்து சொல்லிப் போட வைத்தாள். மயில் பார்டர். கல்யாணப் பெண் தோகையை இன்னும் கொஞ்சம் பெரிதாகக் கேட்டாள் என்று திரும்ப வந்து மாற்றச் சொன்னாள். எங்களிடம் வேலை பார்த்த திவ்யா மாற்றிக் கொடுத்தாள். அட்டை தயாராகி, தறியில் ஏறி, புடவை பாதி நெய்தாயிற்று. விஜயதசமி சாயங்காலம் பெண் வீட்டார் தறியில் வைத்தே பார்க்க வருவதாக ஏற்பாடு. இது ஒன்று நன்றாக முடிந்தால், அவர்கள் சொந்தக்காரர்கள் இன்னும் இரண்டு பேர் கேட்கக் காத்திருந்தார்கள். கெட்டால் பழையபடி யாரோ ஒருவரின் தறிக்குக் கூலிக்காரியாகத் திரும்ப வேண்டியதுதான். இதைச் சரோஜாவே என்னிடம் வாய்விட்டுச் சொல்லியிருந்தாள். "இந்த ஒரு புடவை என்னைத் தூக்கி நிறுத்திடும்கா, இல்லன்னா உக்கார வெச்சிடும்."

இப்போது ஆயுத பூஜைக்கு வருவோம்.

பூஜைக்கு முன்னால் ஆயுதங்களைச் சுத்தம் செய்யாத வீடு இந்த ஊரில் கிடையாது. தறி துடைப்பார்கள், சைக்கிள் கழுவுவார்கள், கத்தரிக்கோலுக்கு எண்ணெய் போடுவார்கள். எங்கள் ஆயுதம் கம்ப்யூட்டர். முதலாளி திவ்யாவைக் கூப்பிட்டு, "வெளியே மட்டும் தொடச்சா போதுமா? உள்ளயும் சுத்தம் பண்ணும்மா" என்றார். அவள் கெட்டிக்காரி. சொன்னதை அப்படியே செய்வாள். டெஸ்க்டாப் முழுக்க எறும்பு மொய்த்த மாதிரி படங்கள் கிடந்தன. அதில் எல்லாவற்றுக்கும் உள்ளே வேறு இடத்தில் ஒரிஜினல் இருக்கிறது என்று அவளுக்கு நினைப்பு. ஆகவே மொத்தமாகத் தேர்ந்தெடுத்து அழித்தாள். திரை துடைத்த கண்ணாடி மாதிரி ஆயிற்று.

பூஜை நேரம் வந்தது. நான் கிறிஸ்தவள். ஆனால் அந்த ஆபீஸில் மாவிலை கட்டுவது வருஷா வருஷம் என் வேலை. வாசலில் ஸ்டூல் மேல் நின்று கட்டிக்கொண்டிருந்தேன். உள்ளே மானிட்டருக்குச் சந்தனம் வைத்துக்கொண்டிருந்த முதலாளியின் குரல் கேட்டது.

"ஏம்மா திவ்யா, இங்க பாரு. குப்பைத்தொட்டி மட்டும் ரொம்பி வழியுது?"

"அது ரீசைக்கிள் பின் சார். அழிச்சதெல்லாம் அதுலதான் போவும்."

"சாமி முன்னாடி குப்பையோடவா வெக்கிறது? கொட்டு, கொட்டு."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் வாசலிலிருந்து சிரித்தேன். நிரந்தரமாக அழிக்கட்டுமா என்று கம்ப்யூட்டர் ஒரு தரம் கேட்டிருக்கும். தீபாராதனைத் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு ஒருவர் நிற்கும்போது அந்தக் கேள்வியை யார் படிப்பார்கள்? குப்பைத்தொட்டி காலி. கம்ப்யூட்டரை அணைத்து, மாலை போட்டு, பொரியும் சுண்டலும் வைத்துக் கும்பிட்டார்கள். இனி மறுநாள் மறு பூஜை முடிகிறவரை யாரும் தொடக் கூடாது.

பொழுது சாயும் நேரம் சரோஜா வந்தாள். கையில் ஒரு கட்டைப்பை. பின்னால் குமார், தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு. பையைத் திறந்து காட்டினாள். உள்ளே ஜக்கார்டு அட்டைகள், தண்ணீரில் ஊறி, ஒன்றோடொன்று ஒட்டி, ரஸ்க் கரைந்த மாதிரி.

"இவருதாங்கா. தறி மேல இருக்கற பெட்டியைத் தொடைக்கிறேன்னு அட்டையைக் கழட்டிக் கீழ வெச்சிருக்காரு. நான் அந்தாண்ட இருந்து தண்ணி ஊத்திக் கழுவிக்கினு வரேன். யாராவது சொல்லணுமில்ல?"

"நான் சொன்னேன். உனக்குத்தான் கேக்கல" என்றார் குமார்.

"இன்னா சொன்ன? இருமின. இருமுனா அட்டை இருக்குதுன்னு அர்த்தமா?"

திவ்யா சிரித்துக்கொண்டே, "அக்கா, டென்ஷனே ஆவாதீங்க. ஃபைல் இருக்குது. நாளைக்குக் காலையில புதுசா பஞ்சிங் போட்டுடலாம். டெஸ்க்டாப்லதான் உங்க ஃபோல்டர்..." என்றாள்.

சொல்லும்போதே திரும்பி என் முகத்தைப் பார்த்தாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. நீங்களும் இந்த இடத்தைக் கவனியுங்கள். டெஸ்க்டாப்பில் இருக்கும் படங்களில் சிலவற்றின் மூலையில் ஒரு குட்டி அம்புக்குறி இருக்கும். அது வீடில்லை. வீட்டுக்கு வழி காட்டும் போர்டு. போர்டைப் பிடுங்கி எறிந்தால் வீட்டுக்கு ஒன்றும் ஆகாது. அம்பு இல்லையென்றால் அதுவேதான் வீடு. டெஸ்க்டாப் என்பதும் ஒரு தெருதான். பார்வைக்கு மேஜை மாதிரி இருப்பதால் அங்கே யாரும் குடியிருக்க மாட்டார்கள் என்று நினைத்துவிடுகிறோம். சரோஜா அடிக்கடி வந்து மாற்றச் சொன்னதால், கைக்குச் சுலபமாக இருக்கட்டும் என்று அவளுடைய மயிலை திவ்யா டெஸ்க்டாப்பிலேயே வைத்திருந்தாள். போர்டுகளோடு போர்டாக அந்த வீடும் போய்விட்டது. குப்பைத்தொட்டியும் காலி.

"பென் டிரைவ்?" என்று கேட்டேன்.

"அதையும் சுத்தம் பண்ணிட்டேங்கா" என்றாள் திவ்யா.

ஒரு நாலு பேர் ஒரே சமயத்தில் பேசினார்கள். முதலாளி, பூஜையில் இருப்பதை எழுப்பக் கூடாது என்றார். அடுத்த நொடியே, அவசரத்துக்குப் பாவம் இல்லை என்றார். குமார், வேறு ஏதாவது மயிலைப் போட்டு நெய்துவிடலாமா என்று கேட்டு வாங்கிக் கட்டிக்கொண்டார். திவ்யா போனை எடுத்துவிட்டாள்.

"அக்கா, ரெக்கவரி சாப்ட்வேர் இருக்குது. ஃப்ரீதான். இப்பவே சிஸ்டத்தை ஆன் பண்ணி டவுன்லோட் போட்டா அழிச்சது எல்லாம் திரும்ப வந்துடும். யூடியூப்ல காட்டறாங்க பாருங்க."

முதலாளி என்னைப் பார்த்தார். "எஸ்தரம்மா, நீயே ஆன் பண்ணு. உன் கணக்கு வேற ஆபீஸ்ல இருக்குது. சாமி உன்னை ஒண்ணும் சொல்லாது."

"எந்த ஆபீஸா இருந்தாலும் நான் இதைத் தொட மாட்டேன் முதலாளி. யாரும் தொடாதீங்க. மாலையோட அப்படியே இருக்கட்டும்."

சரோஜாவுக்குக் கோபம் வந்துவிட்டது. "இன்னாக்கா, நேரங்காலம் தெரியாம நீங்களும் சாமி பூதம்னுக்கினு? நாளைக்குச் சாயந்திரம் அவுங்க வந்து நிப்பாங்க. தறி ஓடலன்னா நான் இன்னா பதில் சொல்லட்டும்?"

நான் அவளை உட்கார வைத்தேன். நான் சொன்னதைத் தோராயமாக எழுதுகிறேன், ஏனென்றால் உங்களுக்கும் ஒரு நாள் தேவைப்படும்.

"இதப் பாரு சரோஜா. கம்ப்யூட்டர்ல அழிச்சா உடனே அழிஞ்சிடாது. அந்த வீடு காலின்னு ஒரு போர்டு மாட்டும், அவ்ளோதான். சாமானெல்லாம் உள்ளயேதான் கிடக்கும். ஆனா காலின்னு போர்டு மாட்டினதால, அடுத்து எது வந்தாலும் அந்த வீட்ல குடி வெச்சிடும். இதை ஆன் பண்ணாலே அது தன்பாட்டுக்கு எதையாவது எழுதிக்கினே இருக்கும். திவ்யா சொல்ற சாப்ட்வேரை இதுலயே இறக்கினா, அதுவே போயி உன் மயில் மேல உக்காந்தாலும் உக்காரும். வேற எங்கயாவது காப்பி இருக்குதான்னு முதல்ல தேடுவோம். எங்கயுமே இல்லன்னாதான் இதைத் தொடணும், அதுவும் தெரிஞ்ச ஆளைக் கூட்டியாந்து."

பதற்றத்தில் கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருக்கும். எதையாவது அமுக்கிக்கொண்டே இருந்தால் முயற்சி செய்கிற மாதிரி ஒரு ஆறுதல். அந்த ஆறுதல்தான் ஆபத்து. கெட்டுப்போன நேரத்தில் செய்த முதல் காரியத்தால் கெட்டதைவிட, அதைச் சரி செய்கிறேன் என்று செய்த இரண்டாவது, மூன்றாவது காரியங்களால் கெட்டதுதான் என் அனுபவத்தில் அதிகம். பிறகு வந்து பார்த்த டெக்னீஷியன் அந்த டெஸ்க்டாப்பில் போன மற்ற டிசைன்களில் பெரும்பாலானவற்றை மீட்டுக் கொடுத்தார். "யாருங்க இதை ஆன் பண்ணாம வெச்சது? நல்ல வேலை பண்ணீங்க" என்றார். முதலாளி சாமி படத்தைக் காட்டினார். ஆனால் அது சில நாள் கழித்து. அன்றைக்கு எங்களுக்கு அத்தனை நாள் இல்லை.

வேறு எங்கே காப்பி இருக்கும்? டிசைன் எந்த வழியாகப் போயிற்று என்று நினைத்துப் பார்த்தால் போதும். எங்கள் கம்ப்யூட்டரிலிருந்து பென் டிரைவ், பென் டிரைவிலிருந்து முரளியின் பஞ்சிங் கடைக் கம்ப்யூட்டர். முரளிக்குப் போன் போட்டேன். அவர் கடையிலும் பூஜை முடிந்து ஷட்டர் இறங்கியிருந்தது.

"இருக்கும்மா. என்கிட்ட வந்தது எதுவும் போவாது. நான் எதையும் அழிக்கறதே கிடையாது."

"பூஜைக்குச் சுத்தம் பண்ணலையா?"

"மெஷினைத் தொடச்சேன். கம்ப்யூட்டர் உள்ளார எவன்மா போறது?"

சுத்தம் செய்த நாங்கள் தவித்துக்கொண்டிருந்தோம். சுத்தமே செய்யாத புண்ணியவான் கையில் சரோஜாவின் புடவை இருந்தது. இதிலிருந்து சுத்தம் செய்யக் கூடாது என்று பாடம் எடுத்துக்கொள்ளாதீர்கள். அடுத்த நாள் காலையில் அந்த அசுத்தத்துக்குள் நாங்கள் பட்ட பாட்டையும் சேர்த்துப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

காலையில் மறு பூஜை முடிந்ததும் முரளி கடைக்குப் போனோம். நான், திவ்யா, சரோஜா. முரளி கற்பூரம் காட்டி முடித்து, கம்ப்யூட்டரை ஆன் செய்து, அந்த ஜன்னலைத் திறந்தார். நியூ ஃபோல்டர். நியூ ஃபோல்டர் இரண்டு. நியூ ஃபோல்டர் மூன்று. அப்படியே இறங்கிக்கொண்டே போயிற்று. ஒரு ஃபோல்டருக்குள் அவர் மகனின் பள்ளிக்கூட நாடக வீடியோ இருந்தது. அதற்கு அடுத்ததில் யாருடைய ரேஷன் கார்டோ.

"இது இன்னாண்ணா, குடும்ப அட்டையும் பஞ்சிங் போடறீங்களா?" என்றாள் திவ்யா.

"பேசாதம்மா. இருக்குதுன்னு சந்தோஷப்படு."

ஜன்னலின் மேல் ஓரத்தில் தேடுவதற்கென்று ஒரு கட்டம் இருக்கிறதல்லவா, அதில் சரோஜா என்று அடித்தோம். மூன்று ஃபைல் வந்து நின்றன. மூன்றுக்கும் ஒரே பெயர். ஸ்ரீ சரோஜா மயில் பார்டர், அதற்கு மேல் மூன்று புள்ளி. பெயர் காட்டும் கட்டம் குறுகலாக இருந்ததால் மீதியை விழுங்கிவிட்டது. கட்டத்தின் ஓரத்தைப் பிடித்து இழுத்து அகலப்படுத்தினேன். ஒன்று, ஃபைனல். இன்னொன்று, ஃபைனல் நியூ. மூன்றாவது, ஃபைனல் நியூ ஓகே.

இந்தப் பெயர்களை வைத்தது நம் ஆட்கள்தான். நீங்களும் வைப்பீர்கள். வைக்கும்போது இதற்கு மேல் மாற்றம் வராது என்று நம்பித்தான் வைக்கிறோம்.

"ஓகேன்னு போட்டிருக்குது பாரு. அதான்" என்று முரளி அதை எடுத்து மெஷினுக்குத் தள்ளப் போனார்.

"இருங்க இருங்க."

"ஏம்மா, துளை போட்டு, கோத்து, தறியில ஏத்த வேணாமா? இப்ப ஆரம்பிச்சாதான் மதியானத்துக்கு முடியும்."

சரோஜாவும், "போடச் சொல்லுக்கா. நேரம் ஆவுது" என்றாள். அவள் கண் சுவர்க் கடிகாரத்தை விட்டு நகரவில்லை.

அங்கேதான் நான் பிடிவாதம் பிடித்தேன். தறியில் பாதிப் புடவை நிற்கிறது. மீதிப் பாதிக்கு வேறு மயில் வந்தால், சேருகிற இடத்தில் குறுக்கே ஒரு கோடு போட்ட மாதிரி தெரியும். கண் தெரியாதவர்கூடத் தடவிக் கண்டுபிடித்துவிடுவார். அட்டை இல்லாத தறியைக் காட்டி, பெண் வீட்டாரிடம் ஒரு நாள் தவணை கேட்கலாம். கோடு விழுந்த புடவையைக் காட்டி என்ன கேட்பது? தாமதமான புடவை நாளைக்கும் புடவைதான். கெட்டுப்போன புடவைக்கு நாளை கிடையாது. இதை நான் சரோஜாவிடம் சொன்னேன். அவள் கடிகாரத்திலிருந்து கண்ணை எடுத்தாள்.

"எதுன்னு எப்படிக்கா கண்டுபிடிக்கிறது?"

எந்த ஃபைல் கடைசியாகத் திருத்தப்பட்டது என்று ஜன்னலில் தேதி காட்டுமே, அதைப் பார்த்தேன். உதவவில்லை. முரளி எதைத் திறந்தாலும் மூடும்போது சேவ் கொடுக்கிற ஆள். "கேக்குதேன்னு குடுக்கறேன்" என்றார். ஆகவே அந்தத் தேதிகளெல்லாம் முரளி எட்டிப் பார்த்த தேதிகள். டிசைன் மாறிய தேதிகள் இல்லை.

இந்த இடத்தில் வழி கண்டது திவ்யா. அதுவரை பின்னால் நின்றிருந்தவள், சட்டென்று முன்னால் வந்தாள். "அண்ணா, மவுஸைக் குடுங்க." தேதி என்று எழுதியிருந்த தலைப்பின் மேல் மவுஸின் வலது பொத்தானை அமுக்கினாள். ஒரு வரிசை இறங்கியது. அதில் உருவாக்கிய தேதி என்பதைத் தேர்ந்தெடுத்தாள். பக்கத்தில் இன்னொரு கட்டம் முளைத்தது.

"அக்கா, காப்பி பண்ணி வர்ற ஃபைலுக்கு, இந்த கம்ப்யூட்டருக்கு அது எப்ப வந்துச்சோ அதான் உருவாக்கின தேதி. அண்ணன் எத்தினி தரம் சேவ் குடுத்தாலும் இது மாறாது. சரோஜாக்கா, நீங்க அட்டை வாங்கினது என்னைக்கு?"

"அது எப்படிம்மா ஞாபகம் இருக்கும்..." என்று ஆரம்பித்த சரோஜா நிறுத்தினாள். "இரு. சதுர்த்திக்கு மொத நாள். ஒரு கையில களிமண் பிள்ளையாரு, ஒரு கையில அட்டைக் கட்டு. பிள்ளையாருக்குக் குடை வாங்கக் கை இல்லாம திரும்பி வந்தேன். இவரு, சாமி நனையுதுன்னு கத்தினாரு."

"ஆமாமா, எனக்கும் ஞாபகம் இருக்குது" என்றார் முரளி. "டிசைன் காலையில வந்துது, சாயந்திரமே குடுத்தேன்."

திவ்யா போனில் காலண்டரைத் தள்ளிக்கொண்டு போனாள். அந்தத் தேதிக்கு வந்திருந்தது நடுவில் இருந்த ஃபைனல் நியூ. முதலாவது அதற்கு முந்தியே வந்தது, பெண் வேண்டாம் என்று சொன்ன சின்னத் தோகை. ஓகே என்று பெயர் வைத்தது அதற்கெல்லாம் ரொம்பப் பிந்தி வந்திருந்தது. அதைப் பார்த்ததும் திவ்யா தன் தலையில் அடித்துக்கொண்டாள்.

"வேற ஒருத்தங்களுக்கு இதையே கொஞ்சம் மாத்திக் கொடுத்தேங்கா. பேரை மாத்தாம விட்டுட்டேன்."

முரளி ஃபைனல் நியூவின் மேல் அமுக்கி, "சரி, இந்தாங்க, கட் பண்ணி உங்க பென் டிரைவ்ல போட்டுத் தந்துடறேன். எனக்கும் கொஞ்சம் இடம் காலியாவும்" என்றார். வாழ்க்கையில் முதல் தடவையாக அவருக்குச் சுத்தம் செய்ய ஆசை வந்த நேரத்தைப் பாருங்கள்.

"கட் வேணாம் முரளி, காப்பி. உலகத்துலயே இப்ப அது ஒண்ணுதான் இருக்குது."

அவர் கையை மவுஸிலிருந்து எடுத்துவிட்டார். திவ்யாதான் காப்பி எடுத்தாள்.

தேதி பொருந்தியாயிற்று, இனி துளை போடலாம் என்றுதான் நீங்களும் நினைப்பீர்கள். கம்ப்யூட்டர் ஒரு ஃபைல் எப்போது வந்தது என்று சொல்லும். தறியில் எது ஏறியது என்று அதற்குத் தெரியாது. அதைத் துணிதான் சொல்ல வேண்டும். சரோஜா மகளுக்குப் பள்ளிக்கூடத்தில் கொடுத்த லேப்டாப் வீட்டில் இருந்தது. முரளியை மெஷினைத் தயார் செய்யச் சொல்லிவிட்டு, நாங்கள் மூன்று பேரும் பென் டிரைவோடு ஓட்டமும் நடையுமாகச் சரோஜா வீட்டுக்குப் போனோம். தறிக்குப் பக்கத்தில் லேப்டாப்பை வைத்து டிசைனைப் பெரிதாக்கினோம். சரோஜா நெய்த பார்டரின் மேல் விரலை வைத்துத் தோகையின் ஒவ்வொரு கண்ணாகத் தொட்டுக்கொண்டே போனாள். திவ்யா திரையில் அதே இடத்தில் மவுஸை நகர்த்தினாள். கழுத்து வளைவு சேர்ந்தது. கொண்டை சேர்ந்தது. தோகையின் கடைசி வரிசை சேர்ந்தது.

"இதான்" என்றாள் சரோஜா. சொல்லிவிட்டு, அந்த ஓகே ஃபைலையும் காட்டச் சொன்னாள். திவ்யா அதையும் எடுத்து வந்திருந்தாள். அதில் மயிலுக்கு ஒரு வரிசைக் கண் கூடுதல். தூரத்திலிருந்து பார்த்தால் யாருக்கும் தெரியாது. தறியில் ஏறியிருந்தால் புடவை போயிருக்கும். சரோஜா அதை ரொம்ப நேரம் பார்த்தாள்.

"நல்லா இருக்குது. ஆனா என்னுது இல்ல."

பிறகு நடந்தது வேலை மட்டும்தான். முரளியின் மெஷின் துளை போட்டது. குமார், திவ்யா, எதிர்வீட்டுப் பெண்கள் இரண்டு பேர், எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து அட்டை கோர்த்தார்கள். குமார் இருமும்போதெல்லாம் சரோஜா, "இன்னா, இப்ப இன்னா இருக்குது கீழ?" என்று கேட்டுக்கொண்டே இருந்தாள். சாயங்காலம் பெண் வீட்டார் வந்தபோது தறி ஓடிக்கொண்டிருந்தது. புது அட்டையில் நாலு விரல் அளவு நெய்திருந்தாள்.

பெண்ணின் அம்மா குனிந்து பார்டரை ஆரம்பத்திலிருந்து கையால் தடவிக்கொண்டே வந்தார். பழைய அட்டை முடிந்து புது அட்டை தொடங்கிய இடத்தைக் கை கடந்தது. கை நிற்காமல் போயிற்று.

"ஒரே சீரா இருக்குது. கை வேலை ஸ்பெசல்தான்" என்றார். பெண் மட்டும், "மயிலு என்னையே பாக்கற மாதிரி இருக்குதுமா" என்றாள்.

"உன்னைத்தான் பாக்குது. வேற யாரப் பாக்கும்?" என்றாள் சரோஜா. பதற்றத்தின் சுவடே இல்லாத குரல். நேற்றிலிருந்து நடந்த எதையும் அவள் சொல்லவில்லை. சொல்ல வேண்டிய அவசியமும் இல்லை. தறி நின்று போயிருந்தால் சொல்லலாம். ஓடுகிறதே.

அவர்கள் போன பிறகு நான் கிளம்ப எழுந்தேன். சரோஜா தறியை விட்டு இறங்கி வந்து லேப்டாப்பைத் தன் பக்கம் இழுத்தாள்.

"அக்கா, அந்த மயிலு இதுலயும் ஒண்ணு இருக்கட்டும். உங்க ஆபீஸ்லயும் இருக்கட்டும், முரளிகிட்டயும் இருக்கட்டும். ஆனா என்னுது என் வீட்லயும் இருக்கணும். எப்படின்னு காட்டுங்க. நீங்க செய்யாதீங்க, நான் செய்யறேன்."

திவ்யா பக்கத்தில் உட்கார்ந்தாள். எங்கே வைக்க வேண்டும் என்று கேட்டாள். டெஸ்க்டாப்பிலா என்றேன் நான். இரண்டு பேரும் ஒரே நேரத்தில் வேண்டாம் என்றார்கள். உள்ளே போய், மேலே ஓடும் வரியைப் படித்துவிட்டு, காலி இடத்தில் வலது பொத்தானை அமுக்கி, சரோஜா ஒரு புது ஃபோல்டர் உண்டாக்கினாள். பெயர் கேட்டுக் கோடு மினுங்கியது. ஒவ்வொரு எழுத்தாகத் தேடித் தேடி அடித்தாள். மயில் என்று அடிப்பாள், பெண்ணின் பெயரை அடிப்பாள் என்று நினைத்தேன். 'சரோஜா டிசைன்' என்று அடித்தாள். கொஞ்சம் யோசித்து, பக்கத்தில் ஒரு 1 போட்டாள்.

"இருக்கறதே ஒண்ணு, அதுக்கு எதுக்கு நம்பரு?" என்றார் குமார்.

சரோஜா என்டரைத் தட்டினாள்.

"அடுத்தது வரும்போது குழப்பம் இருக்கக் கூடாதுய்யா."